ஓபர்னில் இறங்கித் திரும்பி வந்தவர்

லிட்கம் ஸ்டேஷனில் ஒரு கொரியக் கிழவர் அக்காவிடம் வழி கேட்டார். அக்கா ஒரு பிளாட்பாரத்தைக் காட்டிவிட்டுத் தன்னுடைய ரயிலில் ஏறினார். ரயில் நகர்ந்த பிறகுதான், காட்டியது பிழையான பிளாட்பாரம் என்று அவருக்கு உறைத்தது. வேறு யாராக இருந்தாலும், கிழவர் இன்னொருவரைக் கேட்டுக்கொள்வார் என்று போனைப் பார்த்தபடி போயிருப்பார்கள். அக்கா அடுத்த ஸ்டேஷனான ஓபர்னில் இறங்கி, மறுபக்கம் ஓடி, அடுத்த ரயிலைப் பிடித்து லிட்கமுக்குத் திரும்பி வந்தார். கிழவர் எப்போதோ சரியான ரயிலில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு அக்காவுக்குப் பல் டொக்டரிடம் நேரம் குறித்திருந்தது. அதுவும் போனது. வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு, "மனுசன் போட்டுது. நல்ல காலம்" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "அந்தாளுக்கு வாய் இல்லையோ? இன்னொரு ஆளைக் கேக்கத் தெரியாதோ?" என்றேன்.

"வாய் இருக்கு. ஆனால் பிழையாச் சொன்னது நானெல்லோ."

இதுதான் அவர். இனி நான் எழுதப்போவதெல்லாம் இதே கதைதான், வேறு வேறு இடங்களில்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. லிட்கமில் நாங்கள் இருந்த வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தவர். நானும் என் மனுசனும் அவரை அக்கா என்போம். அவர் என்னை 'நீர்' என்பார், என் மனுசனைத் 'தம்பி' என்பார். பெயரை எழுதவில்லை. எழுதினால் அதில் ஓர் எழுத்துப் பிழை என்று எங்கிருந்தாவது போன் எடுப்பார். எடுத்தால் நல்லதுதான். இப்போது அவருடைய நம்பர் வேலை செய்வதில்லை.

அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் படிப்பித்தார். நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாகக் கூப்பிடுவார்கள், அல்லது கூப்பிட மாட்டார்கள். டிசம்பர் பிறந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கல்வியாண்டு தொடங்கும் வரைக்கும் மெயிலைத் திறந்து திறந்து மூடுவார். சனிக்கிழமைகளில் கிளீனிங் போவார். நான் கோழித் தொழிற்சாலையில் நின்றேன். இரண்டு பேருடைய கையும் ஒரே மாதிரித்தான் வெடித்திருக்கும். எனக்கு ஐஸ் தண்ணீர், அவருக்கு பிளீச்.

அவருடைய ஆராய்ச்சி ஸ்பானிஷில் இல்லை. கட்டலான் என்று ஒரு மொழியில். பார்சலோனாப் பக்கத்துச் சனம் பேசுகிற மொழி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு இது எப்படி வந்தது என்று கேட்காத ஆள் இல்லை. ஏஜென்சிக்காரன் அவரைக் கனடாவுக்கு என்று கூட்டிக்கொண்டு போய், பார்சலோனாவில் இறக்கி, "இஞ்ச நில்லுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் மீன் துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. கடைக்காரப் பெண் முதல் நாள் ஓர் இருக்கையைக் காட்டி, "கதீர, கதீர" என்றாராம். அக்கா உடனே போய் இருந்தாராம். "பாரும், ஒரு ஊர் தெரியாது, ஒரு சனம் தெரியாது, அவள் கதிரை எண்டு சொல்லுறாள். நான் அழுதிட்டன்" என்று சொல்வார். அந்தக் கடைக் குசினியில்தான் அந்த மொழியைப் படித்தார். பல்கலைக்கழகமெல்லாம் பிறகு, இங்கே வந்த பிறகு.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை நினைத்தால் இப்போதும் வாய் ஊறும். என் மனுசன் பாண் டெலிவரி வான் ஓடினவர். மிஞ்சின பாணைக் கொண்டுவருவார். அக்கா அதை வெட்டி வாட்டி, பழுத்த தக்காளியைப் பாதியாக்கி அதன்மேல் தேய்ப்பார். பிறகு உப்பு, ஒலிவ் எண்ணெய். அவ்வளவுதான். பார்சலோனாவில் அதுதான் காலைச் சாப்பாடாம். நான் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவேன். "உம்மை அங்க கொண்டுபோனால் பொலிசில பிடிச்சுக் குடுப்பாங்கள்" என்பார். பின்கதவால் வெயில் வரும். ரயில் போகிற சத்தம் கேட்கும். எங்களிடம் ஒன்றும் இல்லாத காலம் அது. இன்றைக்குப் பெரிய வீடும் பெரிய மேசையும் இருக்கின்றன. அந்த ருசி இல்லை.

அப்படி ஒரு காலையில் அவர் தன்னை மறந்து, "பாசம் லா சால்" என்றார்.

"பாசமோ?" என்றார் என் மனுசன். "ஆரில அக்கா பாசம்?"

"உப்பில" என்று சிரித்தார். "உப்பை எனக்குத் தாரும் எண்டு சொன்னனான். அந்தக் கடைசி 'ம்' தான் 'எனக்கு'. வினைக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு நிக்குது. இது ஒருத்தரை ஏவேக்கை. 'எனக்குத் தராதை' எண்டால் அது முன்னுக்கு ஓடிவந்திடும். நடந்த கதையைச் சொல்லேக்கையும் இப்ப முன்னுக்குத்தான். ஆனால் பழைய ஆக்கள் அப்பிடி இல்லை. 'அடிச்சான்-என்னை', 'சொன்னாள்-எனக்கு' எண்டு எழுதியிருக்கினம். அந்தச் சின்னச் சொல்லு வசனத்தின்ர முதல் இடத்தில நிக்காது. அதுக்கு முன்னால வேற ஏதாவது ஒண்டு நிக்கோணும்."

"இப்ப முதல் இடத்தில நிக்குமோ?" என்று கேட்டேன்.

"தாராளமா நிக்கும்."

"எப்ப மாறினது?"

"அதைத்தானே தேடுறன்."

"கடவுளே" என்றார் என் மனுசன். "இவ்வளவு காலமும் உதையோ தேடுறீங்கள்? நான் ஏதோ துலைஞ்ச நகையாக்கும் எண்டெல்லோ நினைச்சன்."

அக்காவுக்குக் கோபம் வராது. "தம்பி, 'நினைச்சனான்' எண்டு நாங்கள் சொல்லுறமெல்லோ? அதில 'நான்' எங்க நிக்குது? வாலிலை. உங்களுக்கு அதை ஆர் சொல்லித்தந்தது? ஒருத்தரும் இல்லை. ஆனால் ஒருநாள் ஆரோ ஒரு ஆள் முதல்முதலாச் சொல்லியிருக்கும். அந்த ஆளைப் பிடிக்க எனக்கு ஆசை" என்றார்.

ஓரளவுக்குப் பிடித்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார். அவர் பெயர் வெளியே தெரிந்ததே ஒரு கட்டுரையால்தான். பல நூறு வருசங்களுக்கு முந்திய ஒரு சிறு பட்டணத்து நீதிமன்றப் பதிவுகளைப் படித்து அதை எழுதினார். கோழி களவு, வேலிச் சண்டை, தூஷண வார்த்தை. சனம் வந்து சொன்ன சாட்சியத்தை எழுத்தர் அப்படியே எழுதிவைத்திருக்கிறாராம். படித்தவர்கள் 'அடித்தான்-என்னை' என்று எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, இந்தச் சாதாரண சனம் 'என்னை-அடித்தான்' என்று சொல்லத் தொடங்கிவிட்டது என்பதுதான் அக்கா கண்டது. மீன் விற்கிறவளும் செருப்புத் தைக்கிறவனும்தான் மொழியை முதலில் நகர்த்தினார்கள் என்று சொல்லும்போது அவர் முகம் மினுங்கும். நான் கோழி வெட்டுகிறவள். எனக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் பகிடி. "தமிழை விட்டிட்டு ஆரின்ரையோ பாசையின்ர வாலைப் பிடிச்சுக்கொண்டு திரியுது" என்பார்கள். குவேக்கர்ஸ் ஹில்லில் ஓர் அங்கிளின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் போனோம். கேக் வெட்டின கையோடு அங்கிள் பேசத் தொடங்கிவிட்டார். தமிழ்தான் எல்லா மொழிக்கும் தாய், வெள்ளைக்காரன் கதிரையில் இருக்கப் பழகினதே எங்களைப் பார்த்துத்தான், கதிரை, குசினி எல்லாம் நாங்கள் அவனுக்குக் கொடுத்த சொற்கள் என்றார். சனம் கை தட்டியது.

"இல்லை அங்கிள்" என்றார் அக்கா. "அது போர்த்துக்கீசர் எங்களுக்குத் தந்தது."

நான் அவருடைய சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அவர் நிறுத்தவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று கேக்குக்கு முன்னால் நின்றே சொன்னார். அங்கிளின் முகம் கறுத்துப்போனது. அன்ரி கேக் துண்டுகளை வேகமாகக் கொடுத்துச் சமாளித்தார்.

அடுத்த நாள் காலையில் அக்கா அங்கிளுக்குப் போன் எடுத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் சந்தோசப்பட்டேன்.

"அங்கிள், நேற்று நான் அலுமாரியை ஒல்லாந்தரின்ர சொல்லு எண்டு சொல்லிப்போட்டன். அது பிழை. அதுவும் போர்த்துக்கீசர்தான். உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு மனம் கேக்கேல்லை."

அங்கிள் போனை வைத்துவிட்டார். பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கும் அழைப்பு வரவில்லை.

ஊர்க்கதை பேச அவரிடம் போக முடியாது. இன்னாரின் மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாளாம் என்று தொடங்கினால், "நீர் கண்டனீரோ?" என்பார். காணவில்லை என்றால் கதை அதோடு சரி. ஒருமுறை நான் சொன்ன கதையைச் சரிபார்க்க அந்தப் பெண்ணுக்கே போன் போட்டுவிட்டார். அவள் வீட்டில் இருந்து தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அவமானம் எனக்கு.

அப்படி இருக்கிறபோதுதான் பல்கலைக்கழகத்தில் ஒரு நிரந்தர வேலைக்கு விளம்பரம் வந்தது. அவருக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இனி ஒன்று வராது. கிடைத்தால் டிசம்பர்ப் பயம் இல்லை, பிளீச் இல்லை, மருந்தெடுக்க லீவு போட்டால் சம்பளம் வெட்டுகிற வாழ்க்கை இல்லை. கூப்பிட்ட ஆட்களில் அவர்தான் முன்னுக்கு நிற்கிறார் என்று அங்கே வேலை செய்கிற ஒருவரே சொன்னாராம். நேர்முகத்தில் அந்தக் கட்டுரையைப் பற்றி ஓர் உரையும் செய்ய வேண்டும். அவர் வந்த நாளிலிருந்து முதல்முறையாக, குளிக்கும்போது பாடுகிற சத்தம் கேட்டது. குரல் நன்றாக இல்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். "இஞ்ச ஒருக்கா வாரும்" என்றார். குரல் சரியில்லை. அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் போனேன்.

லப்டொப்பில் ஒரு பக்கம் அச்சுப் புத்தகம். மறுபக்கம் ஏதோ பழைய கையெழுத்து, எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி. அந்த நீதிமன்றப் பதிவுகளை நூறு வருசத்துக்கு மேலே முந்தி ஒருவர் அச்சில் போட்டிருந்தார். எல்லா ஆராய்ச்சிக்காரரும் அந்தப் புத்தகத்தைத்தான் பாவித்தார்கள். அக்காவும் அப்படித்தான். மூலம் ஒரு சின்ன ஊர் ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. இப்போது அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். உரைக்கு ஒரு படம் காட்டலாமே என்று அக்கா திறந்திருக்கிறார்.

"புத்தகத்தில பாரும், அந்தச் சொல்லு முன்னுக்கு நிக்குது" என்று விரலை வைத்தார். "இஞ்ச பாரும். பின்னுக்கு." அடுத்த பக்கம். அங்கேயும் அப்படித்தான். அடுத்ததும்.

"ஆர் மாத்தினது?"

"அச்சடிச்ச மனுசன். பின்னுக்கு நிக்கிறது அவருக்கு அவலட்சணமாத் தெரிஞ்சிருக்கு. திருத்திறன் எண்டு நினைச்சுத் தன்ர காலத்துப் பழக்கத்தைச் செத்த சனத்தின்ர வாயில வைச்சிட்டார். மீன்காரியும் இல்லை, செருப்புத் தைக்கிறவனும் இல்லை. நான் பிடிச்சது இவரைத்தான்."

"அந்தாள் இப்ப இருக்கிறாரோ?"

"எப்பவோ செத்திட்டார்."

"தப்பினார்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "ஊரெல்லாம் நீர் கண்டனீரோ எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சன். நான் காணேல்லை" என்றார்.

அன்று பின்னேரம் மேசையில் பெரிய சண்டை. நான் சுற்றி வளைக்கவில்லை. "வாயை மூடிக்கொண்டிருங்கோ. வேலை கையில வரட்டும். அதுக்குப் பிறகு என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ" என்றேன்.

என் மனுசன் பதமாகப் பேசுகிறவர். "அக்கா, இந்தக் கட்டுரையை விளங்கி வாசிக்கிற ஆக்கள் உலகத்தில எத்தினை பேர் இருப்பினம்?"

"ஒரு இருபது பேர் இருப்பினம்."

"அதில லிட்கமில எத்தினை பேர்?"

அதற்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துவிட்டு, "அவை கேக்காட்டிலும் நான் அங்க நிண்டு அதைச் சொல்லோணுமெல்லோ. பிழை எண்டு தெரிஞ்சுகொண்டு, படத்தைப் போட்டு, விரலால காட்டி. என்னால ஏலாது" என்றார்.

"ஏலாது எண்டால் கிளீனிங் செய்யுங்கோ. சாகும்வரைக்கும் கக்கூஸ் கழுவுங்கோ. விசர் மனுசி" என்றேன். முகத்துக்கு நேரே சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். பசித்த வயிற்றுக்கு நேர்மை பெரிய சாப்பாடு என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் யாரும் பிளீச்சில் கை வைத்ததில்லை.

நேர்முகத்துக்கு மாம்பழ மஞ்சள் சீலை கட்டிக்கொண்டு போனார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தன்னுடைய கட்டுரை பிழை என்றும், எப்படிப் பிழையானது என்றும் காட்டினாராம். இருந்தவர்கள் கை தட்டினார்களாம். ஒருவர் எழும்பி வந்து கையைப் பிடித்தாராம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது.

பிறகு மெயில் வந்தது. அவருடைய நேர்மையைப் பாராட்டி நாலு வரி. வேலை ஓர் இளம் ஆளுக்குப் போய்விட்டது. அடுத்த செமஸ்டருக்கும் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பாராட்டை அவித்தா தின்பது?

வருசம் முடிய முன்னரே மெல்பேர்னுக்குப் போனார். யாரோ தெரிந்தவர் கிரெய்கிபர்னில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் சமையல் வேலை இருக்கிறது என்றாராம். மத்திய ஸ்டேஷனில் ஏற்றிவிடப் போனோம். "போட்டு வாறன்" என்றார். வழக்கமாக நான் அழுகிற ஆள் இல்லை.

ஒரு கலியாணத்துக்கு மெல்பேர்ன் போனபோதுதான் திரும்பப் பார்த்தோம். சின்ன யூனிட், சுத்தமாக வைத்திருந்தார். தலை நல்லாய் நரைத்துவிட்டது. மீனும் உருளைக்கிழங்கும் போட்டு, பார்சலோனாச் சமையலில் எங்கள் தூளையும் கலந்து ஒரு கறி வைத்திருந்தார். "சாப்பிட முதல் ஒரு சின்ன வேலை இருக்கு. சத்தம் போடாமல் இருங்கோ" என்று லப்டொப்பைத் திறந்தார்.

அவருக்குக் கொடுக்காத அந்த வேலையை எடுத்த மனுசன், வருசத்தில் ஒருமுறை தன்னுடைய முதல் வருசப் பிள்ளைகளுக்கு இவரை இணையத்தில் பேசக் கூப்பிடுகிறாராம். மூலத்தைப் பார்க்காமல் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இவர்தான் பாடம். எனக்கு ரத்தம் கொதித்தது. என் மனுசன் என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அக்கா நன்றாகத்தான் பேசினார். இரண்டு படங்களையும் காட்டினார். மெல்பேர்னுக்கு வந்த பிறகு, அதிகாலையில் எழும்பி, சமையலுக்குப் போக முன் அந்தக் கையெழுத்துகளைத் திரும்ப முதலிலிருந்து படித்து முடித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல்முதலாகச் சொன்ன ஆள் என்று ஒருவர் இல்லை என்றார். ஒரே எழுத்தர், ஒரே பக்கத்தில், அந்தச் சொல்லை ஒருதரம் பின்னுக்கும் ஒருதரம் முன்னுக்கும் எழுதியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாக இரண்டும் ஒன்றாக இருந்து, பழையது மெல்ல மெல்ல ஒதுங்கியிருக்கிறது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தினாள். மன்னிக்க வேண்டும், தனிப்பட்ட கேள்வி என்றாள். அதே நிலைமை திரும்ப வந்தால், அந்த நேர்முகத்தில் மறுபடியும் உண்மையைச் சொல்வீர்களா என்று கேட்டாள்.

"கட்டாயம்" என்றார் அக்கா. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்கா நன்றி சொல்லி லப்டொப்பை மூடினார்.

"உண்மையோ அக்கா?" என்று கேட்டேன்.

"எது?"

"திரும்பவும் சொல்லுவன் எண்டது."

அவர் என்னைப் பார்த்தார். "இல்லை" என்றார். "வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பன். வேலை கிடைச்சாப்பிறகு மெல்லமா எங்கையாவது ஒரு அடிக்குறிப்பில போட்டிருப்பன். நீர் சொன்னனீரே, அப்பிடி. எனக்கு அந்த வேலை வேணும். இப்பவும் வேணும்."

எத்தனையோ வருசமாக அவர் வாயிலிருந்து இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். கேட்டபோது எனக்கு வென்ற மாதிரி இல்லை.

"அப்ப அந்தப் பிள்ளைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அவள் இப்பதானே தொடங்கிறாள்" என்றார்.

என் மனுசன் வழக்கம்போல் பகிடிக்குத்தான் சொன்னார். "அக்கா, அவங்கள் இன்னும் லைனில இருப்பாங்கள். கெதியாத் திறந்தால் பிடிச்சுத் திருத்திப்போடலாம்."

அக்காவின் கை லப்டொப்பின் மூடியில் போய் நின்றது. நானும் என் மனுசனும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் எழும்பிக் குசினிக்குப் போனார்.

"வாங்கோ, கறி ஆறப்போகுது" என்று அங்கிருந்து குரல் வந்தது.